கடலில் திறக்காத பக்கம்

என் கணவர் கப்பலில் இருந்த எட்டு வருடமும் எங்கள் மாதா கோயிலுக்காக நான் நடத்திய இணையப் பக்கம் பதினைந்து கிலோபைட்டைத் தாண்டியதில்லை. இந்தக் கணக்குப் புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலை வணக்கம் என்று கைப்பேசியில் வந்து விழுகிற ஒரே ஒரு ரோஜாப்பூ அதைவிடப் பல மடங்கு கனம். என் பக்கத்தில் படம் கிடையாது, வண்ணம் கிடையாது, ஓடுகிற எழுத்து கிடையாது. வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் "இன்னும் வேலை முடியலையோ?" என்று கேட்டார்கள்.

வேலை முடிந்துதான் இருந்தது. அதை அவ்வளவு குறைத்து எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டவர் யாரும் இல்லை.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாயங்கால வகுப்பில் இணையப் பக்கம் எழுதப் படித்தேன். தெருவில் கணினி இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்பதால் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, கோயிலுக்கு ஒரு பக்கம் செய்துதரச் சொன்னார். பூசை நேரம், கல்யாண ஓலை, இறந்தவர்கள் விவரம், இந்த மூன்றும் இருந்தால் போதும் என்றார். கல்யாண ஓலை என்பது எங்களிடையே உள்ள வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். நான்காவதாக நானே ஒன்றைச் சேர்த்தேன். அதன் தலைப்பு 'வீட்டுச் செய்தி'.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா சிலை வைத்த கெபிப் பக்கத்தில் நான் நிற்பேன். கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து தருவார்கள். வீட்டுக்கு ஒரே வரிதான். அதற்கு மேல் எழுதினால் நான் வெட்டிவிடுவேன். பெயர் போட மாட்டோம், வீட்டு அடையாளம்தான். 'நீலக் கதவு வீடு: பல் முளைத்துவிட்டது. இரண்டு. கீழ்வரிசை.' 'முருங்கை வீடு: கரண்ட் பில் கட்டியாச்சு, நீ கவலைப்படாதே.' 'கடைசி வீடு: நெத்திலிக் குழம்பு வைத்தேன். நீ இல்லை.' நீலக் கதவு வீட்டுக்காரி ஒரு வருடம் கதவுக்கு ரோஸ் அடித்துவிட்டு அதை எழுத மறந்துவிட்டாள். 'ரோஸ் கதவு வீடு' என்று வந்ததைப் பார்த்த அவள் புருஷன், தெருவுக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நீலக் கதவைக் காணோமே என்று மூன்று வாரம் தவித்திருக்கிறான். வந்து அவளை ஒரு வழி பண்ணிவிட்டான்.

ஒரு வரி என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. கப்பலில் இணையம் வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வரும். ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். சாப்பாட்டு அறையில் ஒரு கணினி, அதற்கு இருபது பேர் வரிசை. என் கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏளா, இங்கன உன் பக்கம் ஒண்ணுதான் தொறக்கு. மத்ததெல்லாம் சுத்திக்கிட்டே நிக்கு. என் முறை முடிஞ்சு அடுத்தவன் வந்துருவான், அது அப்பவும் சுத்திக்கிட்டே நிக்கும்." எங்கள் மகள் பிறந்ததை அவர் அந்தப் பக்கத்தில்தான் படித்தார். 'பச்சைக் கதவு வீடு: பெண். உங்கள் மூக்கு. இருவரும் சுகம்.' படித்துவிட்டு அழுததாகவும், பின்னால் வரிசையில் நின்ற பிலிப்பினோக்காரன் தோளில் தட்டியதாகவும் ஊருக்கு வந்தபோது சொன்னார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எழுதி முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளச் சாலைக்குப் போவேன். அங்கே ஓர் இடத்தில் கைப்பேசிக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரிதான் சிக்னல் இருக்கும். வண்டியை ஓரங்கட்டி, பக்கத்தைத் திறந்து, மனசுக்குள் எண்ணுவேன். பத்துக்குள் திறந்துவிட்டால் கடலிலும் திறக்கும். திறக்கவில்லை என்றால் வீட்டுக்கு வந்து இன்னும் எதையாவது வெட்டுவேன். உப்பு அள்ளுகிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்னம்மா, இங்கன நின்னு யார்கிட்ட ரகசியம் பேசுத?" என்று கேலி செய்வார்கள். புருஷன்கிட்ட என்பேன். அது பொய்யில்லை.

அவர் கடலை விட்டுவிட்டு வந்து சேர்ந்த வருடம்தான் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது. முதல் இணைப்பு எங்கள் வீட்டுக்குத்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த அன்று அவர் பச்சைப்பிள்ளை மாதிரி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எட்டு வருடப் பசி அவருக்கு. கிரிக்கெட், சமையல், அமெரிக்காவில் ஒருவன் வீடு கட்டுகிற கதை என்று எல்லாவற்றையும் பெரிய டிவியில், முடிக்கற்றைகூட எண்ணலாம் போன்ற தெளிவில் பார்த்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கம் திறக்கிறவரை காபி போட்டு வருகிற காலம் போய், விரலை எடுப்பதற்குள் திறக்கிற காலம் வந்தது. ஒரு மாதத்தில் தெருவே மாறிவிட்டது. எங்கள் குடும்பக் குழுவில் ஆளுக்கு ஒரு வீடியோ, கோயில் கொடியேற்றம், குழந்தை தவழ்வது, யாரோ எங்கேயோ ஆடுவது என்று கொட்ட ஆரம்பித்தார்கள். கரையில் இருக்கிற எங்களுக்கு அது வேடிக்கை.

அப்போது கப்பலில் இருந்தவன் என் தம்பி. சின்னக் கம்பெனி, கிழட்டுச் சரக்குக் கப்பல். லீவுக்கு வந்திருந்தபோது அவன் சொன்னான், "குடும்பக் குழுவ நான் கடல்ல அணைச்சுப் போட்டுருவேன்க்கா. தொறந்தேன்னா நீங்க அனுப்புத நூறு வீடியோவும் ஒண்ணா வந்து விழும், என் வாரக் கணக்கு ஒரு நிமிசத்துல காலி. உன் பக்கத்த மட்டும் பாத்துக்கிடுதேன்." அது போதும் என்று நானும் நினைத்தேன்.

அந்த லீவில் இன்னொன்றையும் பேசி வைத்துக்கொண்டோம். அப்பாவுக்கு அப்போதே இருதயம் பலவீனம். கடலில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே அவனால் ஒன்றும் செய்ய முடியாது, மனசு கெட்டுப்போய்க் கையைக் காலை வெட்டிக்கொள்வான் என்று காரணம் சொல்வார்கள். அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. தம்பி போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, அப்பாவை "நல்லா இருக்கேம்ல" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதனால் அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "போன்ல நீங்க எல்லாரும் பொய்தான் சொல்லுவிய. நீ பக்கத்துல உண்மைய எழுது. மோசம்னு எழுதினேன்னா நான் ரிலீவ் கேட்டு, மாத்து ஆள ஏத்திட்டு வந்துருவேன். நான் அப்பா மொகத்தப் பாக்கணும்க்கா, அவ்வளவுதான்." நான் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். அவன் போனான். போய் மூன்று வாரம் பக்கத்தைப் படித்தான். அவன் பதில் போடுகிற ஆள் இல்லை. படித்தால் படித்ததுதான்.

என் கணவர் அதற்குள் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையில் உறுப்பினர் ஆகியிருந்தார். ஊர்த் திருநாளுக்கு முந்தின கூட்டத்தில் கோயில் இணையப் பக்கத்தைப் புதுப்பிப்பது என்று பேச்சு வந்தது. நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு டிசைனரைக் கூட்டி வந்திருந்தார்கள். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே என் பக்கத்தின் அடியில் ஓர் எண்ணியை ஒட்டவைத்திருந்தான், யார் யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று காட்டுகிற எண்ணி. எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினான். அதன் முடிவைத் திரையில் போட்டான். தூத்துக்குடி, சென்னை, துபாய், கனடா என்று வட்டம் வட்டமாக வந்தது. கடலில் ஒரு புள்ளிகூட இல்லை.

"கப்பல்ல இருந்து யாரும் பார்க்கிறதில்லை மேடம்," என்றான் அவன்.

நான் எழுந்து நின்று விளக்கினேன். அந்த எண்ணி பக்கத்தோடு வருவதில்லை, பக்கம் திறந்த பிறகு தனியாக ஓடிவரும், மெதுவான இணைப்பில் எழுத்து வந்துவிடும், எண்ணி வந்து சேராது, எண்ணி வராவிட்டால் பார்த்தவன் கணக்கில் வரமாட்டான் என்றேன். மெதுவாக இருக்கிறவன் ஒருவன்கூட இதில் தெரியமாட்டான் என்றேன். எல்லாரும் லத்தீன் பூசை கேட்பதுபோல என்னைப் பார்த்தார்கள். சரி, இந்த அறையில் இதைப் புரிந்துகொள்கிற ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று என் கணவரைப் பார்த்தேன். அந்தச் சாப்பாட்டு அறை வரிசையில் எட்டு வருடம் நின்றவர் அவர்தானே.

அவர் எழுந்தார். "அவ சொல்லுததெல்லாம் பழைய காலம்," என்றார். "இப்ப எல்லாக் கப்பல்லயும் நல்ல நெட்டு வந்துட்டு. நானே கப்பல்ல கெடந்தவன், நான் சொல்லுதேன். இன்னும் எத்தன நாளு நம்ம கோயிலு சாவு நோட்டீசு மாதிரி இருக்கதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவரும் அவர்தான். நான் அன்றைக்கு வீட்டுக்குத் தனியாக நடந்து வந்தேன். அவருக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். என் பக்கத்தை மற்றவர்கள் கேலி செய்தால் எனக்கு ஒன்றுமில்லை, பழகிப்போனதுதான். யாருக்காக ஒவ்வோர் எழுத்தாக வெட்டினேனோ அந்த ஆள் கேலி செய்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

திருநாள் கொடியேற்றத்தன்று புதுப் பக்கம் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மேலே முழு அகலத்துக்குப் பேரவை உறுப்பினர்கள் கோயில் முன்னால் நிற்கிற படம். புதுப் பக்கத்தின் செலவை ஏற்று உபயம் செய்தவர் என்பதால் என் கணவர் நடுவில், மற்றவர்களைவிட ஒரு படி மேலே. அதற்குக் கீழே தானாக ஓடுகிற வீடியோ, அதற்குக் கீழே நேரலைப் பூசை. ஓலையைக்கூடத் தட்டச்சு செய்யவில்லை, சாமியார் வாசிப்பதையே படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பழைய முகவரியிலேயே இது ஏறிக்கொண்டது.

"கோவிச்சுக்காத," என்று என் கணவர் தன் கைப்பேசியை நீட்டினார். "உன் பக்கத்த எடுக்கவிடல நான். இந்தா பாரு, அடியில லிங்க் போடச் சொல்லியிருக்கேன். உன் வீட்டுச் செய்தி அப்படியே இருக்கு. நீ பாட்டுக்கு எழுது."

நான் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில், உரிமை அறிவிப்புக்கு மேலே, சின்ன எழுத்தில் 'பழைய பக்கம்' என்று இருந்தது. தொட்டேன். திறந்தது. என் கோபம் பாதி தணிந்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தப் பச்சை விளக்குக்குப் பக்கத்தில், அவருடைய புதுக் கைப்பேசியில் பார்த்தேன். அன்றைக்கு நான் உப்பளச் சாலைக்குப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. வெயில் அதிகம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

மற்றப் பெண்கள் சீட்டுக் கொண்டுவருவது நின்றுபோனது. அவரவர் புருஷன்மாருக்கு வீடியோ வந்துவிட்டது. வீட்டுச் செய்தியில் மிச்சம் இருந்தது எங்கள் அப்பா வீட்டு வரி ஒன்றுதான். அந்த வீட்டுக்குக் கிணற்று வீடு என்று பெயர். தம்பியின் கப்பல் அப்போது ஆறு வாரம் கரை காணாத ஓட்டத்தில் இருந்தது, போனும் கிடையாது. நான் வாரம் தவறாமல் எழுதினேன்.

'கிணற்று வீடு: அப்பாவுக்குக் கால் வீக்கம். மருந்து மாற்றியிருக்கிறார்கள்.'

'கிணற்று வீடு: இப்போது கஞ்சிதான். கோயிலுக்கு வருவதில்லை.'

'கிணற்று வீடு: உட்கார்ந்தே தூங்குகிறார். படுத்தால் மூச்சு வாங்குகிறது.'

'கிணற்று வீடு: டாக்டர் நாள் சொல்லவில்லை. நீ ஒப்பந்தத்தை நீட்டாதே.'

அப்பா ஒருநாள் என்னிடம், "ஏளா, அவன் எப்ப வாரான்?" என்று கேட்டார். வருவான் என்றேன். "அவனுக்குத் தெரியுமா?" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். குனிந்து அவர் காதில், தெரியும்ப்பா, நான் எழுதுதேன் என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அன்று இரண்டு கரண்டி கஞ்சி கூடுதலாகக் குடித்தார். அலுவலகத்துக்குப் போய் உடனே எழுதினேன். 'கிணற்று வீடு: அப்பா உன்னைத்தான் கேட்கிறார். வா.'

அந்த வாரத்திலேயே தம்பியிடமிருந்து போன் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். அப்பாவைப் பார்க்கப் போயிருந்த என் கணவர்தான் அம்மாவுக்குப் பிறகு பேசியிருக்கிறார். சாயங்காலம் வந்து சொன்னார், "ஒன் தம்பி பேசினான். நல்லாருக்கான். இன்னும் மூணு மாசம் நீட்டிக்கிட்டானாம்."

என்னால் நம்ப முடியவில்லை. வா என்று எழுதியிருக்கிறேன். அப்பா கேட்கிறார் என்று எழுதியிருக்கிறேன். அப்பா முகத்தைப் பார்க்கணும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவன், படித்துவிட்டு, மூன்று மாதம் நீட்டியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. உடன்பிறந்தவன் ஏமாற்றினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் ஒரு வரி எழுதினேன். அதுவே கடைசி. 'கிணற்று வீடு: படித்துவிட்டும் வராதவனுக்கு இனிமேல் எழுத ஒன்றுமில்லை.'

பதினாறாம் நாள் அப்பா இறந்துபோனார். கம்பெனி மூலமாகக் கப்பலுக்குச் செய்தி போனது. கப்பல் நடுக்கடலில் இருந்தது, அடுத்த கரைக்கு இரண்டு வாரம். காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அடக்கம் செய்துவிட்டோம். அடக்கப் பூசையை நேரலையில் போட்டார்கள். துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் பார்த்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது என்று செய்தி அனுப்பினார்கள். என் கணவர் அதை ஒவ்வொருவருக்கும் படித்துக்காட்டினார். மகன் இடத்தில் நின்று பெட்டி தூக்கியவரும் அவர்தான். எனக்கு அன்று அவர்மேல் அவ்வளவு நன்றி இருந்தது. வராத தம்பியை நினைத்து, வந்தால் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவன் வந்தான். மதிய நேரம், கல்லறைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். நான் காபியைக் கொண்டுவந்து, பக்கத்தில் வைக்காமல் எட்ட வைத்துவிட்டு நின்றேன். என் கணவர் அவர் நாற்காலியில் இருந்தார்.

"ஏன்க்கா ஒரு வரிகூட எழுதல?" என்றான் தம்பி.

"யாரப் பாத்து என்ன கேக்க?" என்று நான் கத்திவிட்டேன். "வாரா வாரம் எழுதினேன். வான்னு எழுதினேன். படிச்சுட்டு வராம இருந்தது நீ."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத முழிப்புதான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தொறக்கலியேக்கா," என்றான். "திருநாளுக்குப் பொறவு தொறக்கவே இல்ல. ஒரு படம் வரும். மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். வானம் வரும், கோயில் கோபுரம் வரும், பொறவு அத்தான் நெத்தி வரும். அதோட நின்னுரும். கண்ணு வரதுக்குள்ள என் கணக்கு முடிஞ்சு போவும். எல்லா வாரமும் அத்தான் நெத்தியத்தான் பாத்தேன். ஒண்ணும் வரலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் கைப்பேசியை எடுத்து, அடிவரை தள்ளி, பழைய பக்கத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அது திறக்க ஒரு நொடி ஆகவில்லை. அவன் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தான். கால் வீக்கம், கஞ்சி, உட்கார்ந்தே தூங்குகிறார். விரலை மெதுவாகத்தான் நகர்த்தினான். 'வா' என்ற வரியில் நின்றான். அது எந்தக் கிழமை எழுதியது என்று கேட்டான். சொன்னேன்.

"அதுக்கு மறுநாளுதான் நங்கூரம் போட்டு நின்னோம்," என்றான். "எனக்குப் பதிலா ஏறுத ஆளு படகுல வந்து, கீழ நின்னுக்கிட்டு இருக்கான். எறங்குதியா, இருக்கியான்னு கேப்டன் கேக்காரு. நான் பக்கத்தத் தொறந்து பாத்தேன், நெத்தி. வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா நல்லாருக்கேங்காரு. நீ இல்ல. அத்தான்கிட்டயே கேட்டேன், பக்கம் தொறக்க மாட்டேங்கே அத்தான், அக்கா எதும் எழுதியிருக்காளான்னு. பொறவுதான் கையெழுத்துப் போட்டு அந்தப் படகத் திருப்பி அனுப்பினேன்."

இவ்வளவையும் அவன் யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனான். கடைசி வரி அவனுக்காக அங்கே இருந்தது. அதைப் பிடுங்கிவிடலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் படித்துவிட்டான். கைப்பேசியைத் திரையைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். "அவன் உங்ககிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னிய?"

"இங்கன நல்லாத்தான் தொறக்கு, உங்க கப்பல் நெட்டு சரியில்லன்னு சொன்னேன்." தரையில் கிடந்த கைப்பேசியைப் பார்த்தபடி, "நல்லாத்தானளா தொறந்துச்சு," என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதப் போயி ஒரு விசயம்னு சொல்லவான்னு விட்டுட்டேன்."

"எட்டு வருசம் அங்கன கெடந்தது நீங்க," என்றேன். "படம் மேலேருந்து சொட்டுச் சொட்டா எறங்கும்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். ஒங்க புள்ள பொறந்தத எதுல படிச்சிய? அவன் தொறக்கலன்னு சொன்ன ஒடனே ஒங்களுக்கு அது ஞாபகம் வரலியா?"

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு காரணம் சொல்வார், டிசைனர் மேல் போடுவார், கம்பெனி மேல் போடுவார், நான் விடாமல் சண்டை போடலாம் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், ரொம்ப மெதுவாக, "மறந்துட்டேன்ளா," என்றார். "சத்தியமா மறந்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா. என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாமல் இருப்பது அதைத்தான்.